குடும்பப் பலகாரக் கடையின் வரலாற்றை எழுதுவது எப்படி: மதுரை வட்டாரத்துக் கடைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான், வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றியுள்ள சந்தை ஊர்களில் எதை எடுத்துக்கொண்டாலும், மூன்று தலைமுறையாக நெய்ப் பலகாரமோ காராசேவோ வறுத்தரைத்த காபித்தூளோ விற்றுவரும் குடும்பக் கடை ஒன்றாவது அங்கே இருக்கும். ஐம்பதாம் ஆண்டோ நூறாம் ஆண்டோ நெருங்கும்போது, அல்லது வெளியூர் வேலையை விட்டுவிட்டு மகன் கல்லாவில் வந்து உட்காரும்போது, கடையின் வரலாற்றை எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் அக்குடும்பத்தில் எழுகிறது. பெரும்பாலும் அது ஒரு விழா மலராக முடிந்துவிடுகிறது. முதல் பக்கத்தில் நிறுவனரின் மாலையிட்ட படமும், அடுத்த பத்துப் பக்கங்களில் பிரமுகர்களின் வாழ்த்துரைகளும், நடுவில் 'கடின உழைப்பால் உயர்ந்தார்' என்ற ஒரு கட்டுரையும் இருக்கும். அந்தக் கடையில் அல்வா கிண்டியவர் யார், நெய் எந்த ஊரிலிருந்து வந்தது, ஒரு வீசை மிக்சர் என்ன விலைக்குப் போயிற்று என்பதில் ஒன்றுகூட இராது. இந்த வழிகாட்டி அவ்வாறான மலரைத் தயாரிக்க விரும்புவோருக்கு உதவாது.

எதிலிருந்து தொடங்குவது

கடையின் வரலாற்றை நிறுவனரின் பிறப்பிலிருந்து தொடங்காமல் சரக்கிலிருந்து தொடங்குங்கள். என்ன விற்றார்கள், அதற்கான மூலப்பொருளை எங்கே கொள்முதல் செய்தார்கள், யார் செய்தார்கள், யார் வாங்கினார்கள் என்ற நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொரு பத்தாண்டுக்கும் தனித்தனியே விடை தேடினால், நிறுவனரின் குணமும் சாமர்த்தியமும் அந்த விடைகளுக்குள்ளேயே தெரிந்துவிடும். அவற்றைத் தனியாகப் புகழ வேண்டிய தேவை இராது. மேலும், குடும்பத்தில் பெருமையாகச் சொல்லப்படும் கதைகள் ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் வளரும் இயல்புடையவை. கொள்முதல் கணக்கு அப்படி வளராது.

வேலையைத் தொடங்கும்முன் ஒரு நீளமான நோட்டில் ஆண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, கடை தொடங்கியதாகச் சொல்லப்படும் ஆண்டுக்குப் பத்தாண்டு முன்னிருந்து இன்றுவரை பக்க எண் இட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கிடைக்கும் ஒவ்வொரு செய்தியையும் அதற்குரிய ஆண்டின் பக்கத்தில், அது எங்கிருந்து கிடைத்தது என்ற குறிப்போடு எழுதிவர வேண்டும். கணினியில் செய்தாலும் இதே முறைதான். ஆனால் வீட்டில் உள்ள பெரியவர்கள் புரட்டிப் பார்த்து 'இது தப்பு, அது அப்பா காலத்துல இல்ல' என்று விரல்வைத்துக் காட்டுவதற்கு நோட்டே வசதியானது.

பேரேட்டைப் படிப்பது

எந்த ஆவணத்தைவிடவும் மதிப்புள்ளவை கடையின் பழைய கணக்குப் புத்தகங்கள்தாம். பெரும்பாலும் அவை பரணிலோ, பூட்டிய மரப்பெட்டியிலோ, சரக்கறையின் மூலையில் காலி டின்களுக்குப் பின்னாலோ கிடக்கும். சிவப்புத் துணி அட்டை போட்ட நீளப் புத்தகங்களாக அவை இருக்கும். கிடைத்த உடனே தூசி தட்டி வெயிலில் காயப்போடுகிறார்கள், அது கூடாது. நிழலில், காற்றோட்டமான இடத்தில், பக்கங்களை விரித்துவைத்தால் போதும். ராமபாணப் பூச்சி துளைத்த தாளுக்கு செல்லோடேப் ஒட்டுவதும், லேமினேட் செய்வதும் நிரந்தரக் கேடு. முதலில் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், அட்டை முதல் கடைசிப் பக்கம்வரை வரிசை மாறாமல் படமெடுத்துவிட வேண்டும், படிப்பது பிறகு.

புத்தகங்கள் மூன்று வகையாக இருக்கும். அன்றாடம் நடந்ததை நடந்தபடியே கிறுக்கி வைத்தது சிட்டை. அதைத் தேதிவாரியாக ஒழுங்குபடுத்தியது குறிப்பேடு. ஆள்வாரியாகவும் சரக்குவாரியாகவும் பிரித்து எழுதியது பேரேடு. வருமானவரிக்காகவோ விற்பனைவரிக்காகவோ ஒழுங்காக வைக்கப்பட்ட பேரேட்டைவிடச் சிட்டையே வரலாற்றுக்கு அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. ஏனெனில் 'சரக்கு மாஸ்டருக்குக் காய்ச்சல், மிக்சர் போடவில்லை' (சரக்கு மாஸ்டர் என்பவர் பலகாரம் செய்பவர்) என்பது போன்ற ஓரக் குறிப்புகள் அதில்தான் இருக்கும்.

பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழியும் 'லாபம்' என்ற சொல்லும் இருக்கும். அதன் கீழே தமிழ் ஆண்டின் பெயரும் மாதமும் தேதியும் இருக்கும். ௵ என்பது ஆண்டையும், ௴ என்பது மாதத்தையும், ௳ என்பது நாளையும் குறிக்கும். ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். பழைய கணக்குப்பிள்ளைகள் எண்களையும் தமிழ்க் குறிகளாலேயே எழுதினார்கள். ௧, ௨, ௩ என்பவற்றோடு பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்ற குறிகளையும் மனப்பாடம் செய்துகொண்டால் ஒரு வாரப் பழக்கத்தில் பாதிப் பக்கத்தைப் படித்துவிடலாம். மீதியைக் கையெழுத்துத்தான் தீர்மானிக்கும். ஒரே கணக்குப்பிள்ளை பல்லாண்டுகள் எழுதியிருந்தால், அவருடைய தெளிவான பக்கம் ஒன்றிலிருந்து எழுத்து வடிவங்களைத் தனித் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு மற்ற பக்கங்களுக்குப் போவது நல்லது.

ஆண்டுப் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. அறுபது ஆண்டுச் சுற்று என்பதால் 'சுபானு' என்று மட்டும் எழுதப்பட்ட புத்தகம் 1883-84ஆகவும் இருக்கலாம், 1943-44ஆகவும் இருக்கலாம். இதைத் தீர்ப்பது எளிது. சீனிக்கோ மண்ணெண்ணெய்க்கோ பங்கீடு, பெர்மிட் என்ற சொற்கள் வந்தால் அது இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் புத்தகம். துன்முகி ஆண்டின் பங்குனி மாத நடுவில் அணாவும் பையும் நயா பைசாவாக மாறி, அடுத்து ஹேவிளம்பி என்று தொடங்கினால் ஐயமே வேண்டாம், அது 1957. அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதிதான் தசம நாணயம் நடைமுறைக்கு வந்தது. இரு முறைகளையும் அடுத்தடுத்து எழுதிய கணக்குப்பிள்ளையின் தடுமாற்றம் அந்தப் பக்கங்களில் அடித்தல் திருத்தலாகத் தெரியும். அப்படி ஒரு பக்கம் கிடைத்தால் அதை நூலில் முழு அளவில் படமாகப் போடலாம்.

விலையைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். '3-6-9' என்று இருந்தால் மூன்று ரூபாய், ஆறு அணா, ஒன்பது பை. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. ஆகவே அது இன்றைய எழுத்தில் ஏறத்தாழ ரூ. 3.42. எடையில் 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம். பலம் ஏறக்குறைய 35 கிராம், வீசை ஏறக்குறைய 1.4 கிலோ என்று கொள்ளலாம். முகத்தலில் 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. ஆனால் படி ஊருக்கு ஊர் வேறுபட்டது என்பதை மறக்கக்கூடாது. பட்டணம்படியும் (சென்னைப் படியும்) உள்ளூர்ப் படியும் ஒன்றல்ல. ஆகையால் படிக் கணக்கை லிட்டராக மாற்றி நூலில் போடுவதைவிடப் படியாகவே விட்டுவிட்டு, கடையில் இன்னும் அந்தப் படி இருந்தால் அதில் தண்ணீர் ஊற்றி அளந்து, அந்த அளவை ஒருமுறை குறிப்பிடுவது நேர்மையானது. மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக 1960களின் முற்பகுதிக்குள் கட்டாயமாயின. கடை மூலையில் முத்திரை குத்திய பழைய வீசைக் கல் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

எண்களை எடுத்த பிறகு கொள்முதல் பக்கத்தில் ஊர்ப் பெயர்களைத் தேட வேண்டும். இந்த வட்டாரத்துக் கடை ஒன்றின் கொள்முதல் பக்கம் ஒரு நிலப்படம் போன்றது: ஏலக்காய் போடியிலிருந்தும், காபிக்கொட்டை பட்டிவீரன்பட்டியிலிருந்தும், மிளகாய் வற்றலும் எண்ணெயும் விருதுநகரிலிருந்தும், வெண்ணெய் ஊத்துக்குளியிலிருந்தும், முந்திரிப்பருப்பு பண்ருட்டியிலிருந்தும், மற்ற மளிகை மதுரைக் கீழமாசி வீதியிலிருந்தும் வந்திருக்கும். எந்த ஆண்டில் எந்த ஊர் புதிதாக நுழைகிறது, எது மறைகிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, மதுரை – போடி இருப்புப்பாதை 1928இல் திறக்கப்பட்டு, போர்க்காலத்தில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, 1950களில் மீண்டும் ஓடத் தொடங்கியது. உசிலம்பட்டிக் கடை ஒன்றின் கணக்கில் ஏலக்காய்க்கு 'ரயில் கூலி' என்று இருந்தது 'வண்டிச் சத்தம்' (மாட்டுவண்டி வாடகை) என்றோ 'லாரி வாடகை' என்றோ மாறினால் காரணம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அகலப்பாதைக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட அதே ரயில் 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் திரும்ப வந்தபோது, சரக்கு அனைத்தும் லாரிக்குப் போய்விட்டிருந்தது.

இன்னொரு வரியையும் கவனிக்கச் சொல்வேன். நாடார் உறவின்முறைகள் (சமூகச் சங்கங்கள்) உள்ள ஊர்களில், விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று பொது நிதிக்கு மகமை எடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலா போன்ற பள்ளிகள் அந்தப் பணத்தில் நின்றவை. மகமை சரக்கின் அளவை ஒட்டியது என்பதால், விற்பனைப் பக்கங்கள் தொலைந்துபோன ஆண்டுகளுக்கு மகமை வரியை வைத்தே வியாபாரம் ஏறியதா இறங்கியதா என்று சொல்லிவிடலாம். பிற சமூகத்தார் கடைகளில் இதே இடத்தில் தர்மக் கணக்கு, கோயில் கட்டளை என்ற தலைப்புகள் இருக்கும். அவை பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு தொகையாக நின்றுவிடுவதால் அந்த அளவுக்குப் பயன்படாது.

கடைக்கு வெளியே உள்ள ஆவணங்கள்

கணக்குப் புத்தகம் இல்லாத கடைகளே அதிகம். அப்போது சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அண்மைக் காலத்துக்கான வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பெறலாம். முந்தைய காலத்துக்கு மனுச் செய்து தேடச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கடைகள் வாடகைக் கட்டடத்தில் தொடங்கியவை என்பதால் நிறுவனர் பெயரில் பத்திரமே இராது என்று சிலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். இங்கே ஒரு வழி உண்டு. அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் கிரயப் பத்திரங்களில் நான்கெல்லையைப் பாருங்கள். 'இன்னாருடைய மிட்டாய்க் கடைக்குக் கிழக்கு' என்று எழுதியிருந்தால், அந்தப் பத்திரத் தேதியில் அந்தக் கடை அங்கே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பத்திரத்தைக் காட்டத் தயங்குவார்கள். எல்லை விவரம் உள்ள பத்தியை மட்டும் வாசித்துக்கொள்ள அனுமதி கேட்டால் மறுப்பதில்லை.

பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வைக்கவும். அன்றைய தேதியில் கடையில் இருந்த செப்புக் கொப்பரை, இரும்புச் சட்டி, தராசு, கண்ணாடி அலமாரி, வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன் எல்லாம் அதில் பட்டியலாக இருக்கும். ஒரு கடையின் உட்புறத்தை அப்படியே காட்டும் ஆவணம் அதைப்போல வேறில்லை. கூட்டு வியாபாரமாக இருந்திருந்தால் 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று நிறுவனப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்கலாம். நகராட்சி அல்லது பேரூராட்சியின் தொழில் உரிமப் பதிவேடுகள் எல்லா ஊரிலும் தப்பிப் பிழைக்கவில்லை. கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள், தங்கள் ஊர் எந்த ஆண்டில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று முதலில் தெரிந்துகொண்டு போக வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் 1910இல் உருவாயிற்று. திண்டுக்கல்லும் விருதுநகரும் 1985இல் தனி மாவட்டங்களாயின. தேனி 1996இல் மதுரையிலிருந்து பிரிந்தது. இது தெரியாமல் போய் 'விருதுநகர் மாவட்டம், 1940' என்று கேட்டால் எந்த ஆவணக் கட்டும் வெளியே வராது. ஊரின் அக்காலத்துச் சந்தை நிலவரத்துக்கு, டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியரை (அரசின் மாவட்ட விவர நூலை) பார்க்கலாம். அதில் உங்கள் கடை இராது. உங்கள் ஊர்ச் சந்தை இருக்கலாம்.

பையும் பலகையும் காலண்டரும்

தேதி போடாத பொருள்களுக்குக் காலம் குறிப்பது, இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கடைப் பெயர் அச்சிட்ட பழைய மஞ்சள் பை, அட்டைப்பெட்டி, ரசீது, சிவகாசியில் அச்சடித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த தினசரி காலண்டர், பித்தளை அண்டாவின் விளிம்பில் வெட்டிய பெயர், கோயில் டியூப்லைட்டில் எழுதிய 'உபயம்' என்று வரும் எதையும் தள்ளக்கூடாது.

முகவரியில் 'மதராஸ் ஸ்டேட்' அல்லது 'சென்னை மாநிலம்' என்று இருந்தால், 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்று பெயர் மாறியதற்கு முந்தையது. 'மதுரை-1' என்று இருந்தால் பழையது; ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. லை, ளை, னை போன்ற எழுத்துகள் மேலே வளைந்த கொம்போடு இருந்தால் 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பெயர்ப் பலகை எழுதுபவர்கள் பழக்கத்தைச் சீக்கிரத்தில் விடவில்லை, ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. தொலைபேசி எண் இரண்டு இலக்கமா, நான்கா, ஆறா என்பதையும் பாருங்கள். பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருந்தால் 2011க்குப் பிந்தையது. ஜிஎஸ்டி எண் இருந்தால் 2017 ஜூலைக்குப் பிந்தையது.

பலகையில் உள்ள வாசகமும் பேசும். 'சுத்தமான நெய்யில் தயாரித்தது' என்று ஒரு கடை பலகையில் எழுதிவைத்தது என்றால், நெய் அல்லாதது பக்கத்தில் விற்கப்பட்டது என்று பொருள். டால்டா என்ற பெயரில் வனஸ்பதி 1937இல் சந்தைக்கு வந்தது. அதன் பிறகு எந்த ஆண்டில் உங்கள் கடையின் கொள்முதலில் அது நுழைந்தது, எந்தப் பலகாரத்துக்கு நெய்யை விடாமல் வைத்துக்கொண்டார்கள், எதற்கு விட்டுக்கொடுத்தார்கள் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்து எழுதினால் சரக்கு மாஸ்டர்கள் சிரிப்பார்கள்; அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

ஆட்களிடம் கேட்பது

முதலாளி குடும்பத்தை மட்டும் பேட்டி கண்டு எழுதிய வரலாறு அரைகுறை. அடுப்படியில் நின்றவர்கள், பொட்டலம் மடித்த பையன்கள், கடனுக்கு வாங்கிய வாடிக்கையாளர்கள், எதிர்வரிசைக் கடைக்காரர்கள் ஆகியோரிடமும் போக வேண்டும். வயதில் மூத்தவரிடம் முதலில் போவதே முறை. போகும்போது கடையின் பழைய புகைப்படம் ஒன்றையாவது எடுத்துச் சென்றால் பேச்சு தானே தொடங்கும்.

'எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தீர்கள்' என்று நேராகக் கேட்டால் விடை வராது. உசிலம்பட்டிப் பக்கத்தில், வேலையிலிருந்து நின்றுவிட்ட சரக்கு மாஸ்டர் ஒருவரிடம் கேட்டபோது அவர் சொன்னது இது: "தேதியெல்லாம் எனக்கு ஞாபகம் இல்ல தம்பி. நான் வந்தப்ப முதலாளியோட மூத்த மகளுக்குக் கல்யாணம் வச்சிருந்தாக. லட்டுப் பிடிக்க ஆள் பத்தலைன்னு எங்க மாமா என்னையக் கூட்டியாந்து விட்டாரு. கல்யாணம் முடிஞ்சதும் போயிருவம்னுதான் வந்தேன்." அந்த மகளின் கல்யாணப் பத்திரிகை வீட்டுப் பெட்டியில் இருந்தது, ஆண்டு கிடைத்துவிட்டது. இவ்வாறு எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிகழ்ச்சியோடு இணைத்துக் கேட்பதே வழி. மதுரை வட்டாரத்தில் 1965 ஜனவரியின் இந்தி எதிர்ப்புப் போராட்டம், 1981இல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைவு, 2009இல் மீனாட்சியம்மன் கோயில் குடமுழுக்கு ஆகியவை நல்ல அடையாளக் கற்கள். 'மாநாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?' என்று கேட்டால் உடனே சொல்வார்கள்.

பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யலாம், முன்கூட்டியே சொல்லிவிட்டு. ஆனால் சில செய்திகளை வாயால் சொல்ல முடியாது. கைகளைத்தான் படம்பிடிக்க வேண்டும். அதே மாஸ்டரிடம் அல்வாவின் பதத்தைப் பற்றிக் கேட்டபோது, "அதச் சொல்லத் தெரியாதுய்யா, துடுப்பு சொல்லும்" என்றார். அடுப்பைப் பற்றவைத்துக் கேட்டபோதுதான் விளங்கியது. ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த கோதுமைப் பால் பாகில் விழுந்ததும் துடுப்பு முதலில் எளிதாகச் சுற்றும். பிறகு கனத்துக்கொண்டே போகும். நெய்யைக் குடித்து, ஒரு கட்டத்தில் குடித்த நெய்யைச் சட்டியின் ஓரத்தில் கக்கத் தொடங்கும்போது துடுப்பு மறுபடி இலேசாகிவிடும். அவர் அந்தக் கணத்தில் துடுப்பைத் தூக்கிக் காட்டி, ஒட்டாமல் சுருண்டு விழுவதைப் பார்க்கச் சொன்னார். இதை 'பதம் வந்ததும் இறக்கவும்' என்று எழுதினால் வரலாறு போய்விடும். ஆகவே ஒவ்வொரு முக்கியப் பலகாரத்துக்கும் அடுப்புப் பற்றவைப்பது முதல் தட்டில் கொட்டுவது வரை வெட்டாமல் படமெடுத்து, பிறகு அதைப் பார்த்து எழுதுவதே சரி. காராசேவுக்கு ஓட்டைக் கரண்டியில் மாவைத் தேய்க்கும் வேகம், பூந்தி விழும்போது கரண்டியைத் தட்டும் தாளம் எல்லாம் அப்படித்தான் கிடைக்கும். அளவுகளை வெளியிடுவதா வேண்டாமா என்பது குடும்பத்தின் முடிவு. வெளியிடாவிட்டாலும் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும்.

வீட்டுப் பெண்களிடம் கேட்காமல் விட்டுவிடுவது இத்தகைய நூல்களில் அடிக்கடி நடக்கும் அநியாயம். கடையின் முன்கட்டில் விற்றதில் பாதி, பின்கட்டில் அப்பத்தாவும் மதினிமாரும் செய்தது. மோர் மிளகாய், வடகம், பருப்புப்பொடி, முறுக்கு மாவு ஆகியவற்றுக்குக் கூலிக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இராது. ஆகவே அவர்களிடம் பணத்தைப் பற்றிக் கேட்காமல் நேரத்தைப் பற்றிக் கேளுங்கள்: தீபாவளிக்கு எத்தனை நாள் முன்னால் தொடங்குவீர்கள், காலையில் எத்தனை மணிக்கு, யார் ஆட்டினார்கள், யார் இடித்தார்கள், கிரைண்டர் வந்த பிறகு என்ன மாறியது. விடைகளை அவர்கள் பெயரிலேயே போட வேண்டும். 'வீட்டார் உதவினார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது.

வாடிக்கையாளர்களிடம் கேட்பதற்குத் திருவிழாக்களே வாசல். சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பார்க்க வண்டி கட்டிப் போனவர்கள் எந்தக் கடையில் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார்கள், தீபாவளிச் சீட்டுக்கு மாதாமாதம் எவ்வளவு கட்டினார்கள், சந்தை நாளில் பருத்தியோ கடலையோ விற்ற கையோடு கடைக்கு வந்தார்களா என்று விசாரித்தால், கடையின் லாபம் எந்தப் பயிரைச் சார்ந்திருந்தது என்பதும் வெளிவரும். வைகை – பெரியாறு பாசனம் உள்ள மேலூர், சோழவந்தான் பக்கத்துக் கடைக்கும், வானம் பார்த்த உசிலம்பட்டிப் பக்கத்துக் கடைக்கும் விற்பனை ஏறும் மாதங்கள் வேறு வேறு.

அண்ணன் தம்பி பிரிந்த பகுதி

ஒரே பெயரில், ஒரே தெருவில், எதிரெதிரே இரண்டு கடைகள் இருந்தால் இந்தப் பகுதியைத் தவிர்க்க முடியாது. இரு தரப்பும் தத்தம் கடையே ஒரிஜினல் என்று சொல்வார்கள். பத்திரத்தில் உள்ள தேதி, யாருக்கு எந்தக் கட்டடம், யாருக்குப் பெயர், எந்த மாஸ்டர் எந்தப் பக்கம் போனார் என்ற நான்கு செய்திகளை மட்டும் உணர்ச்சிச் சொல் இல்லாமல் எழுதி, இரு தரப்புப் பெரியவர்களிடமும் அச்சுக்கு முன் வாசித்துக் காட்ட வேண்டும். யார் ஒப்புக்கொள்ளவில்லையோ அவருடைய கூற்றை அவருடைய கூற்றாகவே பதிந்துவிடலாம். கடன்பட்டவர்களின் பெயர்களை எக்காரணம் கொண்டும் போடக்கூடாது; அவர்களுடைய பேரன்கள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

தொடங்கிய ஆண்டு

பலகையில் உள்ள ஆண்டுக்கு ஆதாரம் கிடைக்காமல் போவது சாதாரணம். தலைச்சுமையாகப் பலகாரம் விற்றது, சந்தையில் தரைக்கடை போட்டது, பெட்டிக்கடை வைத்தது, கட்டடத்துக்கு மாறியது என்று தொடக்கம் பல படிகளாக நடந்திருக்கும். குடும்பம் அவற்றில் மிகப் பழையதைப் பலகையில் எழுதியிருக்கும். அதில் குற்றமில்லை. நூலில் மட்டும் ஒவ்வொரு படியையும் தனித்தனியே சொல்லி, எதற்கு ஆவணம் உண்டு, எது வாய்வழிச் செய்தி என்று பிரித்துக் காட்டினால் போதும்.

எழுதுவதும் அச்சிடுவதும்

ஆண்டு நோட்டு நிறைந்த பிறகு எழுதுவது கடினமில்லை. அரசர் வரலாறு போல முதலாளி முதலாளியாக அத்தியாயம் பிரிக்காமல், கடையின் நடப்பு மாறிய இடங்களில் பிரிக்கலாம்: விறகடுப்புக் காலம், பங்கீட்டுக் காலம், அதாவது போர் தொடங்கி 1952இல் ராஜாஜி அமைச்சரவை உணவுத் தானியக் கட்டுப்பாட்டை நீக்கும் வரை, எரிவாயுவும் கிரைண்டரும் வந்த காலம், பாக்கெட்டும் கிளைக் கடைகளும் வந்த காலம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இலும் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இலும் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பக்கத்து ஊர்க் கடைகளின் பேச்சு எப்படி மாறியது என்பதும் கடைசி அத்தியாயத்தில் இடம்பெறத் தக்கது.

புகைப்படங்களின் கீழே இருப்பவர்கள் அனைவரின் பெயரையும், ஓரத்தில் நிற்கும் வேலையாள் உட்பட, இடமிருந்து வலமாக எழுத வேண்டும். பெயர் தெரியாதவருக்குப் பெயர் தெரியவில்லை என்றே எழுதிவிட்டால், நூலைப் பார்க்கும் யாராவது வந்து சொல்வார்கள். வாழ்த்துரைகளைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று குடும்பம் வற்புறுத்தினால் அவற்றைக் கடைசியில் வைக்கலாம். ஐந்நூறு படி அச்சிட்டு மூட்டையாகக் கட்டி வைப்பதைவிட, முதலில் இருபது முப்பது படிகளை டிஜிட்டல் அச்சில் எடுத்து, பேட்டி தந்தவர்களுக்குக் கொடுத்து, அவர்கள் காட்டும் பிழைகளைத் திருத்திய பின் பெரிய பதிப்புப் போடுவது சிக்கனம்.

அச்சான பின் ஒரு படியை மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும், ஒரு படியை 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்துக்கும், ஒரு படியை உள்ளூர்க் கிளை நூலகத்துக்கும் கொடுக்கலாம். பழைய ரசீது, துண்டறிக்கை, காலண்டர் ஆகியவற்றை வீட்டில் பாதுகாக்க வசதி இல்லையென்றால், அச்சுப் பொருள்களைச் சேகரித்துவரும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அணுகிக் கேட்கலாம். பேட்டிகளின் ஒலிப்பதிவையும் பலகாரம் செய்யும் படப்பதிவையும் ஒரே கைப்பேசியில் விட்டுவைக்காமல் இரண்டு வன்தட்டுகளில் எடுத்து, ஒன்றைக் கடையிலும் மற்றொன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலும் வைத்து, ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குக் கணக்குப் புத்தகங்களை எடுக்கும்போது இரண்டும் திறக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.